பல் பொருத்தம்

ஆடிக் காற்று ஓய்ந்த வாரத்தில் தேரிப்பட்டணத்து ஜனங்களுக்கு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல் போயிற்று. சேராமல் போயிற்று என்றால் பல் ஆடவில்லை, விழவில்லை, சொத்தையாகவில்லை, ஈறு வீங்கவில்லை. எல்லாப் பல்லும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, வாயை மூடினால் மட்டும் எங்கோ ஒரு மூலையில் மயிரிழை அகலத்துக்கு ஏதோ இடிப்பது போலவும், இன்னொரு மூலையில் அதே அகலத்துக்கு ஏதோ குறைவது போலவும், மொத்தத்தில் யாருடைய வாயையோ இரவல் வாங்கி வந்து மாட்டிக்கொண்டது போலவும் ஒரு சங்கடம், காலையில் கண் விழித்ததில் தொடங்கி ராத்திரி கண் அயரும் வரைக்கும் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த ஊரைச் சுற்றிலும் செக்கச் சிவந்த தேரி மணல். ஆடி பிறந்துவிட்டால் அந்த மணல் சோற்றில் விழும், குழம்பில் விழும், தொட்டில் பிள்ளையின் வாயில் விழும். அதனால் ஜனங்கள் முதலில் மணலைத்தான் வைதார்கள். உப்புத் தண்ணீரில் கொப்புளித்தார்கள், கிராம்பை அடக்கிக்கொண்டார்கள், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், சுடலைமாடனுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எதற்கும் கேட்காமல் போகவே, ஒருவர் பின் ஒருவராகத் தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு பல் டாக்டர் ஹெப்சிபாவின் மாடிப்படி ஏறினார்கள்.

ஹெப்சிபாவின் ஆஸ்பத்திரி கீழபஜாரில் உரக்கடைக்கு மேலே இருந்தது. முன்னறையில் சாய்வு நாற்காலி, விளக்கு, பல் துளைக்கிற மிஷின்; நடுவில் ஒரு பச்சைத் திரை; திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. வீடு என்று பேர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தம்பி குடும்பத்தோடு துபாய்க்குப் போய், கல்யாணம் என்ற பேச்சு யாரும் நிறுத்தாமலே நின்று போய், ஐம்பதைத் தொடப்போகிற ஹெப்சிபா மத்தியானமானால் அடுப்படியில் நின்றவாக்கில் சட்டியிலிருந்து நேராக அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, திரையைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிடுவாள். ஊரில் உள்ள வாய் ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. யார் கடைவாயில் வெள்ளி அடைத்திருக்கிறது, யார் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர், யார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் புகையிலை போடுகிறவர் என்று எல்லாம் தெரியும். ஆனால் அந்த வாய்களில் ஒன்றுகூட அவளிடம் நாலு வார்த்தை நின்று பேசியதில்லை. உள்ளே கண்ணாடியையும் பஞ்சையும் திணித்து வைத்திருந்தால் அவர்களும்தான் என்ன பேசுவார்கள், பாவம்.

முதலில் ஏறி வந்தவர் கரண்ட் ஆபீஸ் லைன்மேன் மாசானமுத்து.

"வலி கிலி ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. ஆனா வாயை மூடுனா சேர மாட்டேங்கு. கம்பத்து மேல ஏறி நிக்கும்போதும் அதே நெனப்பு. என்னைக்காவது தப்பான வயரைத் தொட்டுறப் போறேன், பாத்துக்கிடுங்க."

ஹெப்சிபா அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, மை தடவிய மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்க" என்றாள். எந்தப் பல் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பல்லில் மை அழுத்தமாக விழும். மாசானமுத்துவின் வாயில் மை எல்லா இடத்திலும் ஒரே சீராக, வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி விழுந்திருந்தது. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்த்தாள். காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லித் தாடை மூட்டைப் பார்த்தாள். படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு நல்ல வாய்.

"ஒரு தேய் தேய்ச்சு விடுங்களேன், சரியாப் போவும்."

"தேய்ச்ச பல்லு திரும்ப வளராது. எங்கன்னு தெரியாம நான் மிஷினை வைக்க மாட்டேன்."

இந்தப் பதில் அவளுக்கு நல்ல பேரை வாங்கித் தரவில்லை. தெரியாத டாக்டர்தான் தேய்க்க மாட்டாள் என்று சொல்லிச் சிலர் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய், இடித்த இடத்தைத் தேய்த்து, தேய்த்ததும் இடி அடுத்த பல்லுக்குத் தாவ, அதையும் தேய்த்து, கடைசியில் வெந்நீர் குடித்தாலே கூசுகிற பற்களோடும் போனபோது இருந்த அதே சங்கடத்தோடும் திரும்பி வந்தார்கள். ஹெப்சிபா யாரையும் கோபிக்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவரின் வாயிலும் மாவைக் குழைத்து வைத்து அச்சு எடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் தாடையும் கீழ்த் தாடையுமாக வெள்ளை வெளேரென்று வார்த்து, அடியில் பேர் எழுதிச் சுவரலமாரியில் வைத்தாள். வாயில் பார்த்தால் தெரியாதது கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. தனக்கும் அதே சங்கடம் வந்து நாளாகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே மாவு வைத்து அச்சு எடுத்து, பேர் எழுதாமல் அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

அலமாரி நிறைந்தது. ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூசி தட்டுகிற வேலை ஆஸ்பத்திரியில் கூடமாட ஒத்தாசை செய்கிற சொர்ணத்தம்மாளுடையது. சொர்ணத்தம்மாளுக்கு எதைக் கழுவினாலும் துடைத்தாலும் சமையல்கட்டுப் பாத்திரம்தான். ஒருநாள் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தவள், யாருடைய மேல் தாடை யாருடைய கீழ்த் தாடை என்றெல்லாம் பார்க்காமல், பானைக்குத் தக்க மூடி என்று அளவு பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிவிட்டாள். பார்த்த ஹெப்சிபாவுக்குத் தலை சுற்றியது. வைய வேண்டும் என்று வாயைத் திறந்து, கைக்கு வந்த ஒரு ஜோடியை எடுத்தாள். 'டக்' என்று அது மூடிக்கொண்டது. மேலே மாசானமுத்து என்று எழுதியிருந்தது. கீழே அருள்மேரி டீச்சர் என்று எழுதியிருந்தது.

அருள்மேரி டீச்சர் பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; வீட்டுக்கு வந்த லைன்மேனிடம் மீட்டர் பெட்டியைக் காட்டியதைத் தவிர மாசானமுத்துவோடு அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஹெப்சிபா டீச்சரின் மேல் தாடையைத் தேடி எடுத்து மாசானமுத்துவின் கீழ்த் தாடையில் வைத்தாள். அதுவும் 'டக்'. அவரவர் தாடையை அவரவருக்கே வைத்தால் மயிரிழை அகலத்துக்கு அசைந்தது. வைய வேண்டும் என்பது ஹெப்சிபாவுக்கு மறந்தே போயிற்று.

மறுநாள் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சின் இந்த ஓரத்தில் டீச்சரும் அந்த ஓரத்தில் லைன்மேனும் உட்கார்ந்திருக்க, காத்திருப்பவர்களைச் சும்மா விடக்கூடாது என்று சொர்ணத்தம்மாள் இருவர் கையிலும் ஆளுக்கொரு சில்லுக்கருப்பட்டியைக் கொடுத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். அப்படியே கடித்தவாக்கில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேந்துட்டு" என்றார் டீச்சர்.

"எனக்கும் டீச்சர்" என்றார் மாசானமுத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முழுக்க இருவருக்கும் வாய் வாயாக இருந்தது. மறுநாள் விடிந்தபோது பழைய சங்கடம் வந்து உட்கார்ந்திருந்தது. டீச்சர் சோறாக்கி லைன்மேனுக்குச் சொல்லி அனுப்பினார், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், போய்விட்டது. நாளுக்கு ஒரு வேளை. அதுதான் மருந்து. சொர்ணத்தம்மாளும் ஹெப்சிபாவும் அலமாரியை மொத்தமாகத் தரையில் இறக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊரை ஊரோடு பொருத்திப் பொருத்தி, பொருந்திய ஜோடிகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்தார்கள்.

ஊர் இதற்கு எப்படிப் பழகியது என்றால், வெயிலுக்குப் பழகுவது மாதிரிதான். முதலில் கொஞ்சம் சத்தம் போட்டது. மாசானமுத்துவின் மனைவி பிச்சைக்கனி மாடிக்கே வந்து, "இத்தனை வருசமா நான் பொங்கிப் போட்டதத்தான தின்னாரு, அப்பச் சேந்த பல்லுக்கு இப்ப என்ன கேடு வந்துச்சாம்?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டாள். அவளுடைய பொருத்தம் கூட்டுறவு பேங்க் மேனேஜரோடு என்று சொர்ணத்தம்மாள் ரப்பர் பேண்டைக் காட்டினாள். பிச்சைக்கனி அந்த ஜோடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அந்த மனுசன் மீன் சாப்பிடுவாரா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. மத்தியானச் சங்கு ஊதினால் போதும், தேரிப்பட்டணமே தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறும். பேங்க் மேனேஜர் லைன்மேன் வீட்டுக்கும், லைன்மேன் டீச்சர் வீட்டுக்கும், கோயில் ஓதுவார் கறிக்கடை பாய் வீட்டுக்குத் தனியாகத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டும், சண்டை போட்டு வேலி அடைத்துக்கொண்ட பங்காளிகள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு இலை அந்தப் பக்கம் ஒரு இலை என்று போட்டுக்கொண்டும், மருமகளுக்கு முன்னால் ஒரு நாளும் உட்காராத மாமனார் அதே மருமகளுக்கு எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டும், வெயிலில் செம்மண் தெரு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ரசமும் புளிக்குழம்பும் நடந்து போகும். எதிரே வருகிறவரிடம் "எங்க?" என்று கேட்கிற பழக்கம் போய், "யாரு?" என்று கேட்கிற பழக்கம் வந்தது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பிளாஸ்டர் பல்லையும் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். பத்துப் பொருத்தம் இருந்தும் பல் பொருத்தம் இல்லை என்று நின்ற கல்யாணமும் உண்டு, பல் பொருத்தம் ஒன்றை நம்பி நடந்து, பந்தியில் மட்டும் ஒற்றுமையாக இருந்து மற்ற நேரமெல்லாம் அடித்துக்கொண்ட கல்யாணமும் உண்டு. பங்குச்சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரே சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கு மத்தியானம் போய் வந்துகொண்டிருந்தார். ஜில்லாவிலிருந்து ஒரு குழு வந்து, பந்தல் போட்டு, எல்லார் வாயிலும் டார்ச் அடித்து, எல்லாப் பல்லும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிற்று. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊரும் ஒத்துக்கொண்டது.

ஹெப்சிபா ஒருத்திக்குத்தான் யாரும் இல்லை.

அடித்தட்டில் வைத்திருந்த பேர் எழுதாத அச்சைச் சொர்ணத்தம்மாள் இல்லாத வேளைகளில் எடுத்து, ஒவ்வொரு வாயோடும் வைத்துப் பார்த்தாள். ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவற்றையும் பிரித்து, திருட்டுத்தனமாக வைத்துப் பார்த்தாள். எதிலும் பொருந்தவில்லை. புதிதாக யாராவது படியேறி வந்தால், அவர் உட்காருவதற்கு முன்பே மாவைக் குழைத்துவிடுவாள். அச்சு எடுத்து, பிளாஸ்டர் காய்வதற்குள் நாலு தடவை தொட்டுப் பார்ப்பாள். அவரும் யாரோடாவது பொருந்திப் போய்விடுவார். "டாக்டரம்மாவுக்கு யாரு?" என்று கேட்டவர்களிடம், "எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல" என்று சிரித்தாள். அவர்களும் நம்பினார்கள். வைத்தியம் பார்க்கிறவளுக்கு வியாதி வரும் என்று யாருக்குத் தோன்றும்? மத்தியானம் முழு ஊரும் தெருவில் நடக்கிற நேரத்தில் அவள் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் நின்று மெல்லுவாள். ஊரையே சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தது தன் கை என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மென்றால் இன்னும் இடித்தது.

தவசிலிங்கம் வந்தது இந்தச் சமயத்தில்தான். விளம்பர ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவர் அவர். ஊரில் யார் துணிக்கடை திறந்தாலும், யார் செத்தாலும், அவர் குரலில்தான் ஜனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈறு நோய் வந்து அவருடைய பற்களை ஒன்றொன்றாக வருஷக்கணக்கில் பிடுங்கியவள் ஹெப்சிபாவேதான். கடைசிப் பல்லும் போய்ப் பொக்கை வாயானதில் ஊரைப் பிடித்த சங்கடம் அவரை மட்டும் பிடிக்கவில்லை. சேர்வதற்கும் சேராததற்கும் ஏதாவது இருந்தால்தானே. முதலில் அவர் அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடி, போகிற வருகிற தூக்குவாளிகளை எல்லாம் மைக்கில் கேலி செய்தார். பிறகு கேலி குறைந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், மத்தியானத்தில் யார் வாளியும் வந்து நிற்காத வாசலில், கரைத்த சோற்றை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். போகிற இடத்தில் நேரமாகிவிடுமே என்று போனார்கள்.

"மைக்ல பேசுனா காத்துதான் வருது டாக்டரம்மா. துக்க செய்தி சொன்னா சிரிக்காங்க. எனக்கு ஒரு பல்செட்டு கட்டிக் குடுத்துருங்க" என்றார்.

"கட்டிருவோம் அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபா. அவர் ஈறை அச்சு எடுத்தாள். அவர் படி இறங்கிப் போன பிறகு, எடுத்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பல்லே இல்லாத வாய். அதில் எந்தப் பல்லை எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும். அவளுக்கு அந்த எண்ணம் வந்ததும் உடம்பு சுட்டது. சீ என்று தன்னையே வைதுகொண்டாள். வைதுகொண்டே அடித்தட்டிலிருந்து தன் அச்சை எடுத்தாள்.

பல்செட்டு கட்டுகிற வேலையை வழக்கமாக டவுனுக்குத்தான் அனுப்புவாள். இந்தத் தடவை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, காலேஜில் படித்ததை எல்லாம் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து, தவசிலிங்கத்தின் ஈறுக்கு மேலே மெழுகை உருக்கிவிட்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்தாள். அவருடைய மேல் செட்டைத் தன் கீழ்த் தாடைக்குப் பொருந்தும்படி பதித்தாள். அவருடைய கீழ் செட்டைத் தன் மேல் தாடைக்குப் பொருந்தும்படி பதித்தாள். ஒரு பல்லை நிமிர்த்தி, ஒரு பல்லைச் சாய்த்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்து, இத்தனை கவனமாக அவள் எந்த வாய்க்கும் வேலை செய்ததில்லை. மெழுகில் இருக்கும்போதே நோயாளியின் வாயில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது முறை. அந்த முறையைத் தாண்டிப் போனாள். கெட்டியான செட்டாக ஆக்கி, மெருகேற்றி, தன் தாடைகளோடு வைத்து மூடினாள். 'டக்'. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தவசிலிங்கம் சொன்ன நாளில் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் வந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். ஹெப்சிபா செட்டைக் கழுவி அவர் வாயில் பொருத்தினாள். குழி விழுந்த கன்னம் நிமிர்ந்து, கொஞ்சம் வயசு குறைந்த வேறொரு மனிதர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நீலத் தாளை வைத்து, "கடிங்க அண்ணாச்சி" என்றாள். நோயாளியைக் கடிக்கச் சொல்லும்போது தானும் கடிப்பது அவளுடைய பழக்கம். அவர் கடிக்க, அவளும் கடித்தாள்.

சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பானையின் மேல் அதன் மூடி போய் உட்காருவது மாதிரி மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் உட்கார்ந்தது. காது வரைக்கும், கழுத்து வரைக்கும், தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தது எல்லாம் விட்டுப் போயிற்று. ஹெப்சிபா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுதானா, இதற்குத்தானா எல்லோரும் வெயிலில் ஓடுகிறார்கள், ஓட மாட்டார்களா பின்னே என்று நினைத்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தவசிலிங்கத்தின் நாக்கு இடது கன்னத்துக்குள் போய் எதையோ தேடியது. பிறகு வலது கன்னத்துக்குள் போயிற்று. அந்தத் தேடலை அவள் இந்த வருஷத்தில் எத்தனையோ வாய்களில் பார்த்திருந்தாள்.

"டாக்டரம்மா, எங்கனயோ இடிக்கு."

அவள் விளக்கைத் தள்ளி வைத்தாள்.

"இங்க இடிக்கு. அந்தப் பக்கம் குறையுது. வலி இல்ல, ஆனா..." அவர் கண் விரிந்தது. நாற்காலியிலிருந்து ஒரே துள்ளாகத் துள்ளி எழுந்துவிட்டார். "எனக்கும் வந்துட்டு! டாக்டரம்மா, எனக்கும் வந்துட்டு!"

புதுப் பல்லில் வார்த்தைகள் விசிலடித்துக்கொண்டு வந்தன. மார்பில் கட்டிய துண்டோடு அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார்.

"அப்ப எனக்கும் ஒரு ஆளு இருக்குல்லா? ஊருக்கெல்லாம் குடுத்துட்டு ஆண்டவன் என்னைய மட்டும் மறந்துட்டான்னு இருந்தேன். படுத்தா இதே நெனப்புதான். யாருன்னு பாருங்க டாக்டரம்மா. இல்ல, நீங்க எதுக்குச் சிரமப்படணும், இப்பவே ஆட்டோவ எடுத்துட்டுப் போயி மைக்ல சொல்லிருதேன். யாராருக்கு இன்னும் சேரலையோ எல்லாரும் வாங்கன்னு சொல்லிருதேன்."

துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படியை நோக்கி நடந்தார். அவர் ஊரெல்லாம் சுற்றுவார். ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். ஹெப்சிபாவைத் தவிர, இன்னும் சேராதவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை.  'நான்தான் அண்ணாச்சி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் நம்புவார், கும்பிடக்கூடச் செய்வார். நாளை மத்தியானம் வாளியோடு இந்தப் படியில் வந்து நிற்பார். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"நில்லுங்க அண்ணாச்சி. அது உங்களுக்கு வந்தது இல்ல. நான் வச்சது."

அவர் திரும்பினார்.

"எனக்கும் அந்தத் தொந்தரவு இருக்கு. ஊர்ல யாரோடயும் சேரல. எல்லாரோடயும் வச்சுப் பாத்துட்டேன். அதனால உங்க செட்டை என் பல்லுக்குச் சேர்ற மாதிரி கட்டிட்டேன். உங்களுக்கு இடிச்சா, சாப்பிடுறதுக்கு நீங்க இங்கதான வரணும்."

கீழே சங்கு ஊதியது. தெருவில் தூக்குவாளிகளின் சத்தமும் பேச்சுக் குரல்களும் ஆரம்பித்தன. தவசிலிங்கம் மெதுவாக வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போவதை ஹெப்சிபா நின்று பார்த்தாள். வேறு எந்தத் தண்டனையும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அப்ப ஆண்டவன் குடுத்தது இல்ல."

"இல்ல அண்ணாச்சி."

அவர் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கன்னம் மறுபடியும் உள்ளே போயிற்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொக்கை வாயில் காற்றும் வார்த்தையும் கலந்து வரச் சொன்னார்:

"சாப்பிட வாங்க அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பனே டாக்டரம்மா. மாடிப்படி ஏறுததுக்கு எனக்கு என்ன, கால் இல்லையா? இதுக்குப் போயி மெனக்கெட்டு இவ்வளவு வேலை செய்வாங்களா?"

 சும்மா கூப்பிடலாம் என்பது ஹெப்சிபாவுக்குத் தோன்றியதே இல்லை. ஒருவரை எதிரே உட்கார வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு வியாதி வேண்டும், ஒரு கட்டாயம் வேண்டும் என்றே அவள் இத்தனை வயசுவரைக்கும் நினைத்திருந்தாள். அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தேய்ச்சுக் குடுத்துருங்க" என்றார் தவசிலிங்கம். "சாயங்காலம் ஒரு அறிவிப்பு இருக்கு."

அவள் மிஷினைக் கையில் எடுத்தாள். கடிக்கச் சொல்லி, மை விழுந்த இடத்தைப் பார்த்து, தேய்த்து, மறுபடி மாட்டி, மறுபடி கடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவர் வாய் அவருக்குச் சேர்ந்துகொண்டு வர, அவள் வாய் அவளுக்குச் சேராமல் போய்க்கொண்டே வந்தது. முதலில் காதோரம் இழுத்தது, பிறகு கழுத்து, பிறகு தோள்பட்டை.  கடைசியில் அவர் வாயில் நீலப் புள்ளிகள் ஒரே சீராக விழுந்தன. அவள் வாயில் பழைய மூலையில் பழைய அகலத்துக்கு ஏதோ இடித்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

அவர் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். "அன்னாரது இறுதி ஊர்வலம்" என்று சொல்லிப் பார்த்தார். விசில் இல்லை. "நல்லா இருக்கு" என்றார். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் படி இறங்கத் தொடங்கினார்.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகிற ஒவ்வொருவரிடமும் அவள் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் சாப்பிடாதீங்க. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் வழியனுப்பியிருக்கிறாள். இப்போதும் நாக்கு அதற்குத்தான் எழும்பியது. அதை விழுங்கினாள்.  மூன்றாவது படி, நான்காவது படி என்று செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி" என்றாள். குரல் உடைந்து வந்தது. "சாப்பிட்டுட்டுப் போங்க."

செருப்புச் சத்தம் நின்றது. கீழே யாரோ யாரையோ "யாரு?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நிற்கிறாரா, போய்விட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"என்ன குழம்பு?" என்று படியிலிருந்து கேட்டது.

"சாளை மீனு. நேத்து வச்சது."

"நேத்து வச்சதா? அப்ப நல்லாத்தான் இருக்கும்."

ஹெப்சிபா பச்சைத் திரையை ஒதுக்கினாள். மேஜையருகே இருந்த இரண்டாவது நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். தட்டு ஒன்றுதான் கழுவியிருந்தது. இன்னொன்றைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் புதுப் பல்லில் பயந்து பயந்து ஒரு பக்கமாக மென்றார், பிறகு இன்னொரு பக்கமாக மென்றார். அவளும் ஒரு வாய் எடுத்து வைத்தாள். எப்போதும் போல இடித்தது, எப்போதும் போலக் குறைந்தது. ஒன்றும் மாறவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு மென்றாள்.

தவசிலிங்கம் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேரலையா?"

"சேரல."

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

அவர் மீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, முள் குறைந்த துண்டாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"மெதுவாச் சாப்பிடுங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."